அடிமனை பதினொன்று

தென்காசியில் பத்திரம் எழுதிப் பிழைக்கிறவள் நான். பத்திர ஆபீசுக்கு எதிர்ச் சந்தில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவில் என் அறை. உள்ளே இரண்டு கம்ப்யூட்டர் உண்டு, அதில் ஒன்று ஓடும். நான் அதிகமாக அடிக்கிற சொல் எது என்று யாராவது கேட்டால் 'விடுதலை' என்பேன். கேட்டவர் என்னைப் பெரிய போராளி என்று நினைத்துக்கொள்வார். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. அப்பா சொத்தில் தனக்குள்ள பங்கை அண்ணன் தம்பிக்கு விட்டுக்கொடுத்து ஒரு பெண் கையெழுத்துப் போட்டால் அதற்குப் பெயர் விடுதலைப் பத்திரம். யாருக்கு விடுதலை என்று மட்டும் கேட்கக் கூடாது. அண்ணனே கார் எடுத்துக்கொண்டு போய்த் தங்கச்சியைக் கூட்டி வருவான். புதுச் சேலை எடுத்துக் கொடுப்பான், வழியில் காப்பி வாங்கிக் கொடுப்பான், கையெழுத்தானதும் பிரியாணி. அடுத்த கோயில் கொடைத் திருவிழாவுக்கு அவளைக் கூப்பிட மறந்துபோவான். இந்தச் சொல்லை அடித்து அடித்து எனக்கு அதன் பேரில் இருந்த மரியாதையே போய்விட்டது.

நான் பிறந்தது குத்துக்கல்வலசையைத் தாண்டி உள்ளே போகிற ஒரு ஊரில். ஊர் என்றால் அங்கே ஒரு வீடுதான் ஊர். மூன்று கட்டு, தேக்குத் தூண், மச்சு, வாசலில் ஒரு லாரி திரும்புகிற அளவுக்கு இடம். பெரிய வீடு என்று சொல்வார்கள். அதன் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் ஒன்பது வீடுள்ள எங்கள் தெரு. அதற்குப் பஞ்சாயத்து ஒரு தலைவர் பெயரை வைத்து போர்டும் நட்டிருக்கிறது. அந்தப் பெயரைச் சொன்னால் ஆட்டோக்காரர் முழிப்பார். 'ஆளுக தெரு' என்றால்தான் வண்டி நகரும்.

எங்கள் பக்கம் ஆள் என்பது ரொம்ப வசதியான சொல். 'நம்ம ஆளு' என்றால் சொந்தக்காரன். 'என் ஆளு' என்றால் காதலிக்கிற பெண். 'பெரிய வீட்டு ஆளு' என்றால் நாங்கள். அங்கே எங்களை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கை தட்டுவார்கள். எந்தத் தட்டு யாருக்கு என்று எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். என் அப்பா அறுபது வயதில் அந்த வீட்டுப் பால்குடி மறக்காத பிள்ளையை 'முதலாளி' என்று கூப்பிட்டார். அதைக் கேட்டால் எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வரும்.

பெரிய வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொடுத்தால் கூடவே எங்கள் தெருவிலிருந்து ஒருத்தியை அனுப்புவது அங்கே வழக்கம். அப்பாவின் அத்தை ஒருத்தி அப்படி ஆய்க்குடிப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனாள். துணைக்குப் போனாள் என்று மரியாதையாகச் சொல்லிக்கொள்வோம். சீர் சாமான் வண்டியில் அண்டாவுக்கும் குத்துவிளக்குக்கும் நடுவில் உட்கார்ந்து போனாளாம். கல்யாணமானவள் வருடம் தவறாமல் தாய்வீட்டுக்கு வந்தாள். துணைக்குப் போனவள் ஒரு தடவைகூட வரவில்லை. இத்தனைக்கும் அடிமை வைத்துக்கொள்வது சட்டப்படி ஒழிந்து எத்தனையோ தலைமுறை ஆகியிருந்தது. இந்தப் பக்கம் வெள்ளைக்காரன் ஒழித்தான். செங்கோட்டை அப்போது திருவிதாங்கூரில் இருந்ததால் அந்தப் பக்கம் ராஜா ஒழித்தார். இரண்டு சர்க்கார் சேர்ந்து ஒழித்தும் பெரிய வீட்டுக்குத் தபால் வந்து சேரவில்லை போலிருக்கிறது.

நான் கல்யாணமாகித் தென்காசிக்கு வந்துவிட்டேன். என் அக்கா அங்கேயேதான் இருக்கிறாள். அத்தான் இறந்து வெகுநாளாயிற்று, பிள்ளைகள் இல்லை. பீடி சுற்றிச் சுற்றியே ஓட்டு வீட்டைத் தளம் போட்ட வீடாக்கினாள். சுவர் எழும்ப ஒரு வருடம், தளம் போட இரண்டு வருடம், பூசுவதற்கு இன்னும் நேரம் வரவில்லை. அவளுக்கென்று இந்த உலகத்தில் இருப்பது அந்த வீடு ஒன்றுதான். ஆனால் அது நிற்கிற தரைக்குப் பட்டா கிடையாது. தெருவில் யாருக்குமே கிடையாது. கேட்டால் பெரிய வீட்டுப் புறம்போக்கில் இருக்கிறோம் என்று அப்பா சொல்வார். அப்படி ஒரு புறம்போக்கு வகை எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை.

பெரிய வீட்டின் இப்போதைய வாரிசுக்கு வயது நாற்பதுக்குள் இருக்கும். சென்னையில் வளர்ந்து, வெளிநாட்டில் கம்ப்யூட்டர் வேலை பார்த்து, அது அலுத்துப்போய், தன் வேர்களைத் தேடி வந்தவர். வேர் தேடுவதில் தப்பில்லை. தேடின வேர் எங்கள் தெருவுக்கு அடியில் ஓடியதுதான் தொந்தரவு. குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்தால் லாட்ஜில் நிற்கக்கூட இடம் கிடைக்காது. அதனால் வீட்டைப் பாரம்பரிய விடுதியாக்கிவிட்டார். நெல் போட்டு வைத்த அறை 'ராயல் சூட்' ஆனது. மாட்டுக்கொட்டகை சாப்பாட்டு ஹால் ஆனது. பிண்ணாக்கு ஊறவைத்த கல்தொட்டியில் தாமரை பூத்தது. 'அருவிக்கு ஐந்தே நிமிடம்' என்று இணையத்தில் போட்டிருந்தார். சீசன் ஞாயிற்றுக்கிழமையில் ஐந்து நிமிடத்தில் அவர் வீட்டு கேட்டைத் தாண்டினாலே பெரிய விஷயம்.

பின்கட்டில் ஒரு கல்தூண் உண்டு, அதில் முழங்கால் உயரத்தில் ஒரு இரும்பு வளையம். எங்கள் தெருவில் பிள்ளைகள் சேட்டை பண்ணினால் "வளையத்துல போட்டுருவாவ" என்றுதான் மிரட்டுவார்கள். ஏன் அப்படி என்று யாரும் விளக்கியதில்லை. விளக்காமலே நாங்கள் சேட்டையை நிறுத்திவிடுவோம். வாரிசு அதன்மேல் 'யானை கட்டிய கல்' என்று ஒரு பித்தளைத் தகடு அடித்தார். அந்த வளையத்தில் யானையைக் கட்டினால் யானைக்கே சிரிப்பு வந்திருக்கும். விருந்தாளிகள் அதைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்தார்கள்.

மச்சைச் சுத்தம் பண்ணும்போது ஒரு மரப்பெட்டியில் ஓலை ஒன்று அகப்பட்டிருக்கிறது. முழ நீளம், இரண்டு பக்கமும் எழுத்து. அதைப் படிக்க வாரிசு யாரைப் பிடித்தார் தெரியுமா? குற்றாலத்தில் மங்குஸ்தான் விற்கிற கடைகளுக்குப் பக்கத்தில் சீசனுக்கு மட்டும் வந்து உட்கார்கிற ஏடு சோதிடரை. ஓலை என்றால் அவர்தானே! அவர் வழக்கம்போல ராகம் போட்டுப் படித்திருக்கிறார். ஓலையில் புள்ளி கிடையாது, சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. போதாததற்கு முக்கியமான இடத்தில் பூச்சி அரித்து ஒரு ஓட்டை. வந்தவர் முகம் மலர்கிற மாதிரி படிப்பது அவர் தொழில் தர்மம். ஓட்டையில் தனக்குத் தோன்றிய எழுத்தை உட்காரவைத்து 'அடிமனை பதினொன்று' என்று பாடிவிட்டார். வீடு நிற்கிற தரைக்கு எங்கள் பத்திர பாஷையில் அடிமனை என்று பெயர். அடுத்து 'ஆண் ஆறு, பெண் ஐந்து' என்று வந்திருக்கிறது. அதற்கும் அவர் அசரவில்லை. ஆண்கள் பேரில் ஆறு மனை, பெண்கள் பேரில் ஐந்து மனை, கடைசியில் வருகிற 'விடுதலை' அவற்றைக் கொடுத்துவிட்டதற்கு அடையாளம் என்று பொருள் சொல்லி வெற்றிலை பாக்கோடு எழுந்துவிட்டார்.

ஒரு மாதத்துக்குள் பெரிய வீட்டு வாசலில் கருங்கல் பலகை வந்தது. இவ்வீட்டுப் பெரியவர் தம்மை அண்டிவந்த குடிகளுக்கு அடிமனை பதினொன்றை விடுதலை செய்து அளித்த வள்ளல் என்றும், பெண்கள் பேரிலும் மனை வழங்கி அந்தக் காலத்திலேயே பெண்ணுரிமை கண்டவர் என்றும் தமிழிலும் ஆங்கிலத்திலும் செதுக்கியிருந்தது. அக்கா எனக்குப் போன் பண்ணினாள்.

"ஏட்டி, வாசல்ல கல்லு வச்சிருக்கான். நமக்கு இடம் குடுத்தாவளாம்லா, அதுல எழுதியிருக்காம். அதே வாயால எங்கள காலி பண்ணச் சொல்லுதான்."

"காலி பண்ணவா? எதுக்கு?"

"வந்து எறங்குதவன் காரு நிப்பாட்ட இடமில்லையாம். நம்ம தெரு பூராவும் வேணுமாம். சீசனுக்கு முன்னால ஒழிச்சுக் குடுங்கன்னு சொல்லுதான்."

நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. "எங்கட்டி போவேன் நான்?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு எனக்கும் சிரிப்பு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை பத்திரத்துக்குக் கூட்டம் வராது, ஆகாத நாள். அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை வாரிசு என் அறைக்கே வந்து உட்கார்ந்தார். அவருக்கு நாள் கிழமையில் நம்பிக்கை இல்லை. நல்ல பருத்திச் சட்டை, கையில் ஒரு கோப்பு. என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அவர் வீட்டுச் சாணத்தை அள்ளிய கை என்பது கையில் எழுதியிருக்காதே.

"மேடம், ஒரு நோட்டீஸ் எழுதணும். வீட்டுக்குப் பின்னாடி ஒன்பது குடும்பம் என்க்ரோச் பண்ணியிருக்காங்க. பார்க்கிங் வேணும்" என்றார்.

"எவ்வளவு காலமா இருக்காங்க சார்?"

"எங்க தாத்தாவுக்கெல்லாம் முன்னாடியே இருந்து இருக்காங்க. பாவம்னு விட்டு வச்சது. நாங்க யாரையும் ஏமாத்துற ஃபேமிலி இல்லன்னு நோட்டீஸ்ல ஒரு பாரா வரணும். இதைப் பாருங்க." கைப்பேசியில் கருங்கல் பலகையின் படத்தைக் காட்டினார். அடுத்து ஓலையின் படம்.

இந்தத் தொழிலில் எனக்குப் பழைய கையெழுத்துகள் பழக்கம். கோர்ட்டுக்கு வருகிற நைந்த ஓலைகளும் பத்து இருபது பார்த்திருக்கிறேன். படத்தைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பச் சொல்லிப் பெரிதாக்கினேன். ஓட்டை இருந்த இடம் தெரிந்தது. அந்த ஓட்டைக்குள் சோதிடர் உட்காரவைத்த எழுத்துக்கு இடமே இல்லை. இரண்டு வரி கீழே அதே சொல் ஓட்டை இல்லாமல் முழுசாக வந்திருந்தது. அடிமை. ஆண் ஆறு, பெண் அஞ்சு, ஆக உருப்படி பதினொன்று. நாங்கள் சலவைக்குப் போடும்போது எண்ணுகிறோமே, அதே உருப்படி. பின்பக்கத்தில் பதினொரு பேர்களும் வரிசையாக இருந்தன. ஐந்தாவது பேர் என் அக்காவின் பேர். எங்கள் வீட்டில் மூத்த பெண்ணுக்கு வழிவழியாக வைக்கிற பேர் அது. இன்னொரு தடவை எழுத்துக்கூட்டிப் பார்த்தேன்.

"சார், இது அடிமனை இல்ல, அடிமை" என்றேன்.

எங்கே என்று கேட்டார். கீழே உள்ள வரியைக் காட்டினேன். எழுத்து எழுத்தாக விரலை வைத்துப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் முகம் கறுத்துப்போய் இருந்தார். எனக்கே பாவமாக இருந்தது. திடீரென்று அந்த முகத்தில் பல்பு எரிந்தது.

"அப்ப அடிமைகளையே விடுதலை பண்ணியிருக்காங்க! மேடம், இது இன்னும் நல்ல ஸ்டோரி! வெளிநாட்டு கெஸ்ட்டுக்கெல்லாம் இது ரொம்பப் பிடிக்கும்."

இந்த மாதிரி மனிதர்களை எந்த இடத்தில் தள்ளினாலும் மெத்தையில்தான் விழுகிறார்கள். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"சார், வெளிய என் போர்டுல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. கிரையம், தானம், பாகப்பிரிவினை, விடுதலை. பத்திரத்துல விடுதலைன்னா பங்காளிக்குப் பங்கை விட்டுக்குடுக்குறது. இந்த ஓலை எழுதினவர் உங்க வீட்டுத் தம்பி. தன் பங்குக்கு வந்த நிலம், மாடு, வெங்கலப் பாத்திரம், அடிமை பதினொன்று எல்லாத்தையும் தமையனுக்கு விடுதலை பண்ணிக் குடுத்தேன்னு எழுதியிருக்கார். யாரையும் அவுத்து விடல. இந்தக் கையில இருந்து அந்தக் கைக்கு மாத்தியிருக்கார்."

"அப்படியெல்லாம் இருக்காது மேடம். நாங்க எல்லாரையும் குடும்பத்துல ஒருத்தரா வச்சிருந்த வீடு."

"ஆமா சார். அதான் பாகப்பிரிவினையில சேத்திருக்காங்களே."

அவர் கோப்பை மூடினார். பிறகு என்னை முதல் தடவையாக ஒழுங்காகப் பார்த்து, "உங்களுக்கு எந்த ஊர்?" என்று கேட்டார்.

"உங்க ஊருதான் சார். பின்னால."

சந்தில் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்தபடி போயிற்று. நான் இருபத்தைந்து வருடத் தொழில் அனுபவத்தையும் திரட்டி நிதானமாகச் சொன்னேன். நோட்டீஸ் அனுப்பினால் தெருவில் உள்ளவர்கள் வழக்குப் போடுவார்கள். அவர் வாசலில் அவரே செதுக்கிய பலகையின் படத்தைத் தாக்கல் பண்ணுவார்கள். பதினொரு அடிமனை கொடுத்தோம் என்று பலகை சொல்கிறது, அந்த வீட்டு ஆட்கள் அந்தத் தெருவைத் தவிர வேறு எங்கும் இருந்ததில்லை. பலகையில் உள்ளது தப்பு என்று அவர் சொன்னால் ஓலையைக் கொண்டுவா என்று கோர்ட் கேட்கும். அதைப் படிக்கச் சர்க்கார் ஆளை வைப்பார்கள், சோதிடரை வைக்க மாட்டார்கள். படித்தது பேப்பரில் வரும். அதற்கு அப்புறம் ராயல் சூட்டுக்கு இணையத்தில் விருந்தாளிகள் எத்தனை நட்சத்திரம் போடுவார்கள் என்று அவரே யோசித்துக்கொள்ளட்டும்.

"பலகை நிஜம்னா இடம் அவங்களுது. பலகை பொய்னா ஓலை வெளிய வரும். எது வசதின்னு பாத்துக்கோங்க சார்" என்றேன். சொல்லி முடித்தபோது எனக்குள் இருந்தது பயமில்லை. எத்தனையோ காலத்துச் சந்தோஷம்.

மறுநாளே போன் பண்ணினார். பார்க்கிங்கை ரோட்டோரத் தென்னந்தோப்பில் வைத்துக்கொள்கிறாராம். ஒன்பது வீட்டு அடிமனையையும் அவரவர் பேருக்குத் தானமாக எழுதித் தருகிறாராம். இரண்டே இரண்டு வேண்டுகோள். முன்னோர்கள் எப்போதோ மனமுவந்து கொடுத்ததை இப்போது முறைப்படுத்துவதாகப் பத்திரத்தில் வர வேண்டும். ஓலை விஷயம் என்னோடும் எங்கள் தெருவோடும் நிற்க வேண்டும். "இது ஒரு வின்-வின் மேடம்" என்றார். அவர் சொன்னதில் ஒரு வின் எங்களுக்கும் இருந்தது என்பதை மறுக்க முடியாது.

சனிக்கிழமை அக்காவைப் பார்க்கப் போனேன். இலையும் தூளும் பரப்பின சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். பத்திரம் கிடைக்கப்போகிறது என்றதும் அவள் விரல் இன்னும் வேகமாக ஓடியது. ஓலையில் என்ன இருந்தது என்றதும் நின்றுவிட்டது. கையிலிருந்த புகையிலைத் தூள் கொட்டியதைக்கூடக் கவனிக்கவில்லை.

"எம்பேரா? எம்பேரா எழுதியிருக்கு?"

"ஆமாக்கா. அஞ்சாவது பேரு."

"மாட்டுக்குப் பெறகா, முன்னாலயா?"

பொய் சொல்லியிருக்கலாம். "பெறகு. மாடு, வெங்கலம், பெறகு நாம" என்றேன்.

அக்கா எழுந்து முந்தானையை இடுப்பில் சொருகினாள். "கடப்பாரை எங்கன கெடக்கு, எடு. அந்தக் கல்ல நான் இன்னைக்கு ரெண்டாப் பொளக்கலன்னா பாரு. காருல வந்து எறங்குத அத்தன பேருகிட்டயும் சொல்லுதேன், இவனுவ எங்கள எண்ணி எண்ணிப் பிரிச்சுக்கிட்டானுவன்னு. யானையாம்லா யானை, சவத்துமூதி!" என் அக்கா சத்தம் போட்டுப் பேசி நான் பார்த்தது அன்றைக்குத்தான். அப்பா செத்த அன்றைக்குக்கூட அவள் சத்தமாக அழுததில்லை.

நான் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தேன். பிடித்திருக்கக் கூடாது என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்கு அவள் வீடுதான் கண்ணில் தெரிந்தது. "கல்லை உடைச்சா கேஸ் வரும், பத்திரம் வராது. ஓலையைச் சொன்னா அவன் கைய விரிச்சிருவான். கோர்ட்டுல தீர்ப்பாகுறதுக்குள்ள உன் ஆயுசு முடிஞ்சுரும். உனக்கு வீடு வேணுமா, இது வேணுமா?" என்று கேட்டேன். பத்திரம் எழுத வருகிற கட்சிக்காரர்களிடம் கேட்கிற அதே குரலில் கேட்டேன். எந்தப் பதில் வர வேண்டுமோ அதை முதலிலேயே வைத்துக்கொண்டு கேட்கிற கேள்வி அது.

"ரெண்டும் ஏன்ட்டி கேக்கக் கூடாது?" என்றாள்.

அக்கா பூசாத சுவரைப் பார்த்தாள், தளத்தைப் பார்த்தாள். கொட்டின தூளை ஒரு பக்கமாக ஒதுக்கிக் கூட்டினாள். "எழுது" என்றாள்.

எழுதினேன். என் வாழ்நாளில் அவ்வளவு அழகான தமிழ் நான் எழுதியதில்லை. 'பரோபகார சிந்தையுடன்' என்று ஒரு இடத்தில் போட்டேன். 'அண்டிவந்த குடிகளின் நலன் கருதி' என்று இன்னொரு இடத்தில் போட்டேன். வாரிசு படித்துப் பார்த்து நெகிழ்ந்துபோய், இதை அப்படியே விடுதியின் இணையப் பக்கத்தில் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார். பலகையில் இருந்தது சோதிடர் வாயில் வந்த உளறல். ஓட்டையில் அவர் தெரியாமல் வைத்த எழுத்தை நான் தெரிந்தே முத்திரைத்தாளில் அடித்தேன். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை.

பதிவுக்கு நல்ல நாள் பார்த்து ஒன்பது வீட்டாரும் வந்தார்கள். ஆண்கள் வெள்ளை வேட்டி, பெண்கள் தலை நிறையப் பூ. வாரிசு ஒரு போட்டோக்காரரைக் கூட்டி வந்திருந்தார். ஆபீசுக்குள் படம் எடுக்கக் கூடாது என்று சொல்லி அவரை வெளியே நிறுத்திவிட்டார்கள். முதல் பத்திரம் அக்காவுடையது. வாரிசு ரேகை வைத்துக் கையெழுத்துப் போட்டு நகர்ந்ததும் அக்கா போய் நின்றாள். அதிகாரி புதிதாக வந்தவர், நல்ல மாதிரி. பத்திரத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு அக்காவைக் கேட்டார்.

"ஏற்கெனவே இவங்க முன்னோர் உங்க முன்னோருக்குக் குடுத்த இடம்னு எழுதியிருக்கு. சரிதானாம்மா?"

நான் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றேன். இரண்டு அடி தள்ளி வாரிசு பெருவிரல் மையைத் துடைத்துக்கொண்டிருந்தார், துடைப்பதை நிறுத்திவிட்டார்.

"அம்மா, உங்களத்தான். சொத்து வந்த வழி இதுதானே?"

"சொத்து எங்களுக்கு எங்கன சார் வந்துச்சு?" என்றாள் அக்கா. "நாங்கதான் சார் அந்தச் சொத்து. ஓலையில எங்க பேரு இருக்கு."

அதிகாரிக்கு அது விளங்கவில்லை. வயதான அம்மா ஏதோ பதற்றத்தில் பேசுகிறாள் என்று நினைத்திருப்பார். குறை சொல்ல முடியாது, இதற்குப் பின்னால் இன்னும் எட்டுப் பத்திரம் காத்துக்கொண்டிருந்தது. "அதையெல்லாம் எழுத இதுல இடமில்லம்மா. குடுத்தாங்களா, இல்லையா? ஆமா, இல்ல, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க" என்றார் அன்பாகவே.

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் தலையை அசைத்தேன்.

"ஆமா" என்றாள்.

கேமராவைப் பார்க்கச் சொன்னார்கள், பார்த்தாள். ரேகை வைத்தாள். அடுத்தவரைக் கூப்பிட்டார்கள். ஒன்பதும் முடிய மத்தியானம் ஆகிவிட்டது. வெளியே வாரிசு எல்லோரையும் வரிசையாக நிறுத்திப் படம் எடுக்க ஏற்பாடு பண்ணினார். எல்லோரும் நின்றார்கள். அக்கா மட்டும் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள். அவள் பத்திர ரசீதை எடுத்துக்கொண்டு நான் பின்னால் ஓடினேன். டீக்கடை வாசலில்தான் அவளைப் பிடிக்க முடிந்தது.

"அக்கா, வீடு உனக்காயிட்டு. இனி ஒருத்தனும் உன்னைக் கிளப்ப முடியாது" என்றேன்.

"தெரியுதுட்டி" என்றாள். மை போகாத பெருவிரலைச் சேலையில் தேய்த்துக்கொண்டே நின்றாள். "நம்ம அப்பா ஆமா போட்டாரு, அவுக அப்பா ஆமா போட்டாரு. அவுகளுக்கு என்ன எழுதியிருக்குன்னு தெரியாது, போட்டாவ. நான் தெரிஞ்சிட்டே போட்டுட்டு வாரேன், பாத்தியா."

ரசீதை நீட்டினேன். வாங்கி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்க்க நடந்தாள். அதற்குப் பிறகு அவள் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை.